உள்ளே போனது பதினொரு பேர்

“மேடம், எனக்குக் கண்ணே வர மாட்டேங்குதுங்க” என்றார் அங்கமுத்து.

மெர்லின் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ரெண்டு இருக்கே சார். மேல கண்ணாடி வேற போட்டிருக்கீங்க.”

“அந்தக் கண்ணு இல்லீங்க. ஸ்லைடு பாக்கற கண்ணு. ரெண்டு வருசம் ஆகப்போகுது. நீங்க பாத்தா நோய் தெரியுது. நான் பாத்தா ஊதாப் புள்ளிதான் தெரியுது.”

“நானும் புள்ளியத்தான் பாக்குதேன்.”

அதோடு பேச்சு முடிந்தது. மெர்லினிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான்.

வயதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் ஆளை மாற்றி நினைத்துக்கொள்வீர்கள். மாணவர் அங்கமுத்துவுக்கு நாற்பத்தேழு. ஆசிரியை மெர்லினுக்கு முப்பத்து நான்கு.

அங்கமுத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினேழு வருடம் டாக்டராக இருந்தவர். பாம்புக்கடி, பிரசவம், தேர்த் திருவிழாவுக்குப் போய்க் கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்கள் என்று எல்லாம் பார்த்தாயிற்று. அப்புறம் அரசு டாக்டர்களுக்கான ஒதுக்கீட்டில் நோய்க்குறியியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது, தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் என்று நினைத்து மாணவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவரும் பதறிப்போய்க் கடைசி வரிசைக்கு ஓடினார்.

மெர்லின் நாகர்கோவில் பக்கம். வேலை கொங்குநாட்டு அரசு மருத்துவமனையில். மூன்றாவது மாடியில் ஊசிப் பரிசோதனை அறை அவர் பொறுப்பு.

அங்கே நடக்கிற வேலை இவ்வளவுதான். கட்டியில் மெல்லிய ஊசியைக் குத்தி ஒரு சொட்டு உறிஞ்ச வேண்டும். அதைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். எழுதியதை நம்பி இன்னொரு டாக்டர் மருந்து கொடுப்பார்.

அன்று வெள்ளிக்கிழமை. மணி ஒன்றரை.

டெக்னீஷியன் ஜெயக்கொடி காலையில் எடுத்த ஸ்லைடுகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்.

“சார், மோனிஷாவோடது முதல்ல பாக்கணுமாம். நெஞ்சுநோய் வார்டுல இருந்து ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க.”

மோனிஷாவுக்கு இருபது வயது. கழுத்தின் இரண்டு பக்கமும் நெறி கட்டி, தாடை எங்கே முடிகிறது என்று தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. பங்குனி வெயிலில் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். காலையில் அங்கமுத்துதான் ஊசி போட்டார். அவள் முகம் சுளிக்கவில்லை. கூட நின்ற அப்பா சென்னியப்பன்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆறு மாதம் காசநோய் மாத்திரை தின்று முடித்திருந்தாள். வீக்கம் ஒரு விரல்கூடக் குறையவில்லை. மூன்று மணிக்கு வார்டில் டாக்டர்கள் கூடுகிறார்கள். ஊசி ரிப்போர்ட்டும் காசநோய் என்றே வந்தால், மருந்துக்கு அடங்காத ஜாதி என்று முடிவு செய்து, கனமான மருந்தை இன்றைக்கே ஆரம்பிப்பார்கள். ஒன்றரை வருடம் தின்ன வேண்டிய மருந்து. கால் மரத்துப்போகலாம். பார்வை மங்கலாம்.

அங்கமுத்து ஸ்லைடோடு வந்த சீட்டை எடுத்துப் படித்தார்.

“முடிஞ்சுதுங்க மேடம். மருந்துக்கு அடங்காத காசநோய்.”

“ஸ்லைடு பாத்தாச்சா?”

“இல்லீங்க. இனிமேத்தான்.”

மெர்லின் கையை நீட்டினார். அங்கமுத்து சீட்டைக் கொடுத்தார். மெர்லின் அதை நான்காக மடித்துத் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

“இப்ப சொல்லுங்க.”

அங்கமுத்துவின் கை பழக்கத்தில் கம்ப்யூட்டர் பக்கம் போனது.

அந்தக் கம்ப்யூட்டரில் அவரே செய்துவைத்த ஒரு வசதி இருந்தது. ‘கா’ என்று தட்டினால் போதும், காசநோய் ரிப்போர்ட்டின் ஐந்து வரியும் மளமளவென்று தானாக வந்து விழும். பெயரையும் வயதையும் மாற்றினால் வேலை முடிந்தது. வாரத்துக்குப் பத்துக் கழுத்து வருகிற ஊர். பத்தில் ஏழு காசநோயாகத்தான் இருக்கும். அந்த வசதிக்காகத் துறையே அவரைக் கொண்டாடியது. அவருக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

மெர்லின் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக் கீபோர்டின் மேல் வைத்தார்.

அங்கமுத்து மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார்.

அது இரட்டைத் தலை மைக்ரோஸ்கோப். எதிர்ப்பக்கம் மெர்லினும் குனிந்தார். பிறகு மேஜைக்கு அடியில் தட்தட்டென்று ஒரு சத்தம் கேட்டது. மெர்லினுடைய செருப்பு தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை.

“என்ன தெரியுது?”

“பெரிய செல்லுங்க. நல்லாப் பெருசு. வெளுத்த உடம்பு.”

“அப்புறம்?”

“பக்கத்துல சின்னச் செல்லுங்க. நெறியில எப்பவும் இருக்கறதுதான்.”

“பக்கத்துலயா?”

அங்கமுத்து மறுபடி பார்த்தார்.

“மேலங்க. பெருசு மேல சின்னது விழுந்திருக்குது. ஸ்லைடுல தடவறப்ப ஒண்ணு மேல ஒண்ணு விழுகுமுங்களே.”

“மேலயா?”

அங்கமுத்து சின்னத் திருகைப் பிடித்தார். ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால், ஒன்று தெளியும்போது மற்றது மங்க வேண்டும். திருகினார். இரண்டும் சேர்ந்தே மங்கின. எதிர்ப்பக்கம் திருகினார். இரண்டும் சேர்ந்தே தெளிந்தன. மூன்று முறை செய்து பார்த்தார்.

“உள்ளங்க” என்றார். குரல் இறங்கிவிட்டது.

“உள்ளன்னா?”

“தின்னுருக்குதுங்க.”

அவர் அப்படிச் சொன்னதில் அதிசயம் ஒன்றுமில்லை. உடம்பில் அந்தப் பெரிய செல்லின் பிழைப்பே அதுதான். கிருமி, குப்பை, செத்த செல் எதுவானாலும் விழுங்கிவிடும். மருத்துவக் கல்லூரியில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

செருப்புச் சத்தம் நின்றது.

“தின்னா என்ன ஆவும் சார்?”

“செரிக்குமுங்க.”

“செரிச்சிருக்கா?”

அங்கமுத்து பார்த்தார். “இல்லீங்க.”

“ஏன்?”

“இப்பத்தான் தின்னுருக்குமுங்க.”

“வேற ஒரு பெரிய செல் பாருங்க.”

“இதுலயும் செரிக்கலீங்க. இதுவும் இப்பத்தான்…”

“இன்னொண்ணு?”

அங்கமுத்து ஸ்லைடை நகர்த்தினார். நகர்த்த நகர்த்த அவருக்கே சந்தேகம் வந்தது.

“காலைல நான் ஊசி போட்ட நேரம் பாத்து எல்லாம் ஒண்ணாப் பந்தியில உக்காந்திருக்குமுங்களா மேடம்?”

மெர்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கை அணைத்துவிட்டு எழுந்தார்.

“வாங்க, போவோம்.”

“எங்கீங்க?”

“லிஃப்ட்டுக்கு.”

“மேடம், மணி ரெண்டாகப் போகுது. மூணு மணிக்கு அங்க…”

மெர்லின் அதற்குள் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தார்.

அந்த லிஃப்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே ‘எட்டுப் பேர் மட்டும்’ என்று பலகை தொங்கும். யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. நடு மாடிகளின் பொத்தான் கெட்டு வருடக்கணக்காகிறது. மூன்றாவது மாடியில் ஏறினால் தரையில்தான் இறங்க முடியும். ஆமையாக நகரும். உள்ளே ஒரு முக்காலியில் மாரப்பன் என்பவர் உட்கார்ந்திருப்பார். ஆளை அடைப்பதில் கெட்டிக்காரர்.

“இன்னும் ஒராளு வரலாம்! ஏனுங் அக்கா, அந்தக் கூடையத் தலைமேல வெச்சுக்கங்க!”

மெர்லின் கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

“சார், எண்ணுங்க.”

“எதையீங்க?”

“ஆளத்தான்.”

அங்கமுத்து எண்ணினார். சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு ஒரு அம்மாள். குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்த ஒரு ஆள், அந்தப் பாட்டிலுக்குச் சொந்தமான நோயாளி. எக்ஸ்ரே கவரோடு இரண்டு பேர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஒரு கட்சிக்காரர். இப்படியே போய்ப் பதினொன்றில் நின்றது. மாரப்பன் கதவை இழுத்துச் சாத்தினார். லிஃப்ட் முனகிக்கொண்டு கிளம்பியது.

“படியில இறங்குங்க சார். சீக்கிரம்!”

மெர்லின் இரண்டிரண்டு படியாகத் தாவினார். அங்கமுத்து பின்னால் ஓடினார். டாக்டர்கள் ஓடுவதைப் பார்த்து, எந்த வார்டில் என்ன ஆயிற்றோ என்று ஜனங்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். ஒரு நர்ஸும் எதற்கும் இருக்கட்டும் என்று கூட ஓடிவந்தார்.

தரைக்கு அவர்கள்தான் முதலில் வந்து சேர்ந்தார்கள். அங்கமுத்துவுக்கு மூச்சு இரைத்தது. லிஃப்ட் இன்னும் வரவில்லை.

வந்தது. கதவு திறந்தது.

தூக்குப்போசி அம்மாள் வெளியே வந்தார். குளுக்கோஸ் பாட்டில் வந்தது. எக்ஸ்ரே கவர்கள் வந்தன. கட்சிக்காரர் கடைசியில் வந்தார்.

“உள்ள போனது எத்தன பேரு?”

“பதினொண்ணுங்க.”

“வெளிய வந்தது?”

“பதினொண்ணு.”

“அந்த வெள்ளச் சட்ட கசங்கிச்சா?”

“இல்லீங்க மேடம். மடிப்பே கலையலை. எதுக்குங்க இதெல்லாம்…”

அங்கமுத்து பாதியில் நிறுத்தினார்.

திறந்த லிஃப்ட்டைப் பார்த்தார். அதற்குள் புதிதாக ஆள் ஏற ஆரம்பித்திருந்தது. வாயைத் திறந்தவர் மூட மறந்துவிட்டார்.

“மேடம்! அதுங்க…”

மீதியைச் சொல்ல அவர் அங்கே இல்லை. படியில் ஏறி ஓடிக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு வயது, கொஞ்சம் தொப்பை, மூன்று மாடி. எதுவும் அவருக்கு அப்போது ஞாபகம் இல்லை.

விளக்கைப் போட்டார். குனிந்தார். இந்த முறை பெரிய செல்லைப் பார்க்கவில்லை. அதற்குள் இருந்த சின்னவற்றைப் பார்த்தார்.

உருண்டையாக இருந்தன. ஓரம் முழுசாக இருந்தது. ஒன்றுகூட உடையவில்லை, கரையவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றி வெளிச்சமாக மெல்லிய வளையம் இருந்தது. யாரோ தனித்தனியாக இடம் ஒதுக்கி உட்காரவைத்த மாதிரி இருந்தது.

“உசுரோட இருக்குதுங்க!”

அறையில் அவரைத் தவிர ஜெயக்கொடி மட்டும்தான் இருந்தார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“என்ன சார்?”

“தின்னலீங்க! தின்னவே இல்லை! அதுங்களா உள்ள போயிருக்குது! சும்மா போயி உக்காந்திருக்குது! வேணும்னா வெளிய வந்துருமுங்க!”

மெர்லின் மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார்.

“மேடம், ஒரே செல்லுக்குள்ள பதினாலு எண்ணிட்டனுங்க. பதினாலும் முழுசா இருக்குது. இதை நான் படிச்சிருக்கறேன். புத்தகத்துல அரைப் பக்கம்தான் போட்டிருந்தான். பரிச்சையில வராதுன்னு தள்ளிட்டுப் போயிட்டனுங்க. பேரு… இருங்க… ரெண்டு டாக்டர் பேரு… ரோசாய்! ரோசாய்–டார்ஃப்மன் நோயுங்க!”

மெர்லின் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஸ்லைடுத் தட்டு துள்ளி விழுந்தது.

“அப்பாடி! அரமணி நேரமா வாயப் பொத்திக்கிட்டு இருக்கேன் சார்! படிக்கும்போது ஒண்ணே ஒண்ணு பாத்தது. ஒம்பது வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் பாக்குதேன்!”

“அப்ப உங்களுக்கு முதல்லயே தெரியுமுங்களா?”

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாமுங்களே?”

“சொல்லியிருந்தா நீங்க படியேறி ஓடியிருப்பீங்களா?”

அங்கமுத்துவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, ஓட்டத்தால் பாதி, சந்தோஷத்தால் பாதி. லட்சம் பேரில் ஒருவருக்கு வந்தாலே அதிகம் என்கிற நோய். காசநோய் இல்லை. புற்றும் இல்லை. கழுத்துதான் பயங்கரமாக வீங்கும். பெரும்பாலும் ஒரு மருந்தும் இல்லாமல் தானாகவே வடிந்துவிடும். அதை அவர் பார்த்துவிட்டார், தன் கண்ணால்.

“மணி என்னங்க?”

“ரெண்டு நாப்பது.”

மறுபடியும் ஓட்டம்.

நெஞ்சுநோய் வார்டில் சிவந்த உறை போட்ட கோப்பு திறந்திருந்தது. துறைத் தலைவர் பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தார். சென்னியப்பன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்துப் பெஞ்சில் மோனிஷா.

“சார், ஆரம்பிச்சுராதீங்க!” என்றார் அங்கமுத்து.

மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாம் சொன்னார். சொல்லும்போது கை தானாக ஆடியது. தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

“சரிங்க டாக்டர். ஆனா எட்டு மாசத்துக்கு முந்தி இதே புள்ளைக்கு உங்க டிபார்ட்மென்ட்டுதான் காசநோய்னு எழுதிக் குடுத்துது. இன்னைக்கு இல்லைங்கறீங்க. நான் எதை நம்பறது?”

கோப்பிலிருந்து பழைய ரிப்போர்ட்டை உருவி முன்னால் வைத்தார்.

ஐந்து வரி.

அங்கமுத்து அதைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கமாவும் அவருக்கு மனப்பாடம். கீழே இரண்டு கையெழுத்து இருந்தது. ஒன்று ஓய்வு பெற்றுப் போய்விட்ட பேராசிரியருடையது. இன்னொன்று, அ. அங்கமுத்து.

ஓடி வந்த வேர்வை முதுகில் சில்லிட்டது.

‘யாரோ ஒரு மாணவர் எழுதியிருக்கிறார்’ என்று சொல்லலாம். பொய்கூட இல்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் மெர்லினைப் பார்த்தார். மெர்லின் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பார்க்க அந்த மரத்தில் ஒன்றும் இல்லை.

“நான்தானுங்க சார் எழுதினது. தப்பா எழுதிட்டனுங்க.”

தலைவர் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“தனிச் சாயம் போட்டு உறுதிப்படுத்திட்டு வாங்க. அதுவரைக்கும் மருந்து ஆரம்பிக்கல.”

திரும்பி வந்ததும் அங்கமுத்து முதலில் செய்த வேலை, எட்டு மாதத்துக்கு முந்தைய ஸ்லைடைத் தேடி எடுத்ததுதான். அதைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடிப்போனது.

“அப்பவும் இருந்திருக்குதுங்க மேடம். உள்ள உள்ள உக்காந்துட்டு இருக்குது.”

“ம்.”

“நானும் குனிஞ்சு பாத்துத்தானுங்களே எழுதினேன்? எப்படீங்க கண்ணுல படாமப் போச்சு?”

மெர்லின் ஒரு பஞ்சை எடுத்தார். கம்ப்யூட்டர் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார். ‘கா’ தட்டுகிற இடத்தைத் தவிர மற்ற எழுத்துகளிலெல்லாம் தூசி வந்தது.

திங்கட்கிழமை தனிச் சாயம் போட்ட ஸ்லைடு வந்தது.

அந்த நோயாக இருந்தால் பெரிய செல் பழுப்பாக வேண்டும். உள்ளே இருக்கிற சின்னச் செல் நிறம் ஏறாமல் அப்படியே நிற்க வேண்டும். அங்கமுத்து விளக்கைப் போட்டார். குனிந்தார். நல்ல காப்பி நிறத்தில் ஒரு பெரிய செல் இருந்தது. அதற்குள் வெளுப்பாக, முழுசாக, தெள்ளத்தெளிவாக ஒரு கும்பலே உட்கார்ந்திருந்தது.

அவர் ‘ஹா!’ என்று கத்தியது பக்கத்து ரத்தவங்கிவரை கேட்டதாம். துறையே வரிசையில் நின்று பார்த்தது. மெர்லின் நான்கு தரம் வரிசையில் வந்து நின்றார்.

பதினொரு மணிக்கு மோனிஷாவும் சென்னியப்பனும் வந்தார்கள். அங்கமுத்து நாற்காலி இழுத்துப் போட்டார். சென்னியப்பன் உட்காரவில்லை.

“அம்மிணி, இது காசநோய் இல்லை. புத்தும் இல்லை. அபூர்வமா வர்றது. பெரும்பாலும் அதுவாவே வடிஞ்சுரும். கொஞ்ச நாளாகும். மருந்து எதும் வேண்டாம். மாசம் ஒருக்கா வந்து காட்டணும். மூச்சு முட்டுனாலோ வேற எங்காச்சும் கட்டி வந்தாலோ உடனே வரணும்.”

“மருந்தே வேண்டாமுங்களா?” என்றார் சென்னியப்பன்.

“வேண்டாமுங்க.”

“அப்ப ஆறு மாசம் தின்னுதுங்களே, அது?”

அங்கமுத்து எழுந்து நின்றார். மெர்லினும் ஜெயக்கொடியும் அறையில்தான் இருந்தார்கள்.

“அது என் தப்புங்க. முதல் ஊசியைப் பாத்து எழுதினது நான். உள்ள இருந்ததைப் பாக்காம விட்டுட்டனுங்க.”

சென்னியப்பன் குரலை உயர்த்தவில்லை.

“காலைல மாத்திரை போட்டா மத்தியானம்வரைக்கும் வாந்திங்க. கிண்ணத்தைப் புடிச்சுக்கிட்டு நான்தான் நின்னேன். ஒம்பது கிலோ எளைச்சுட்டா. பக்கத்து வூட்டுல தண்ணி டம்ளரைத் தனியா வெச்சாங்க. உங்களுக்கு அது ஒரு ரிப்போர்ட்டுங்க.”

அங்கமுத்து மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அந்த வார்த்தை வாந்திக் கிண்ணத்துக்கு முன்னால் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

“நான் பாக்கலாங்களா?” என்றாள் மோனிஷா.

“எதை அம்மிணி?”

“என்ற கழுத்துல எடுத்ததைத்தானுங்க. அந்தக் கண்ணாடியில.”

அங்கமுத்து வெள்ளிக்கிழமை ஸ்லைடை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். மோனிஷா துப்பட்டாவைப் பின்னால் தள்ளிவிட்டுக் குனிந்தாள். யாரும் காட்டித்தரவில்லை, அவளே சின்னத் திருகைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருகினாள்.

“ஐயோ! உள்ள பூராம் குட்டி குட்டியா இருக்குதுங்களே!”

“அதேதான் அம்மிணி. அந்த ஒண்ணுக்குள்ள பதினாலு இருக்குது.”

“பதினேழுங்க.”

“பதினாலு. நான் மூணு தடவை எண்ணினேன்.”

“மூணு ஓரத்துல ஒளிஞ்சிருக்குதுங்க. பாருங்க.”

எதிர்ப்பக்கத் தலையில் மெர்லின் குனிந்தார். “பதினேழுதான் சார்” என்றார்.

அங்கமுத்துவுக்கு அந்த நிலைமையிலும் உடம்பு சிலிர்த்தது.

“நீ என்ன வேலை செய்யற?”

“திருப்பூர்ல பனியன் கம்பெனிங்க. செக்கிங். ஓட்டை, கறை, தையல் விட்டது பாக்கறது. ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸு பாப்பேன்.” கண்ணை எடுக்காமலே பேசினாள்.

“உனக்குத் தப்பே வராதா?”

“ஏன் வராதுங்க? மத்தியானத்துக்கு மேல கண்ணு பாக்கும், மனசு பாக்காது. நல்ல பீஸுன்னு கை பாட்டுக்குத் தள்ளிரும். பீஸுல என்ற நம்பர் ஒட்டியிருக்குமுங்களே, திரும்பி வந்தா மாட்டிக்குவேன்.”

“திட்டுவாங்களா?”

“திட்டுவாங்க. நானும் சாரி சொல்லுவேன். அது ஒரு நிமிசத்துல முடிஞ்சுருமுங்க.”

“அப்புறம் அந்தப் பீஸை என்ன பண்ணுவீங்க?”

மோனிஷா மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். இவ்வளவு படித்தவர் இப்படிக் கேட்கிறாரே என்று ஆச்சரியம்.

“அந்தப் பீஸுதான் சிக்கிருச்சுங்களே. நான் நல்லதுன்னு தள்ளின மத்த பீஸுக் கட்டெல்லாம் பிரிச்சு மறுபடி பாப்போமுங்க.”

அங்கமுத்துவின் பார்வை கம்ப்யூட்டர் பக்கம் போய்த் திரும்பியது.

“ஜெயக்கொடி.”

“சார்?”

“நான் சேர்ந்ததுல இருந்து அந்த அஞ்சு வரி எழுதிப் போன கழுத்து ஸ்லைடெல்லாம் எங்க இருக்குது?”

“உள் ரூம் அலமாரியில சார். அறுநூறுக்கு மேல இருக்குமே. எது வேணும்?”

அங்கமுத்து நாற்காலியை மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் இழுத்துப் போட்டார்.

“எல்லாம்.”